யார் வருமானம், எந்த ஊர்க் கணக்கு?

(ஓசூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 ஜூலை மாதத்தில் ஒரு செய்தியைப் படித்திருப்பீர்கள். ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடி இந்தியாதான் நிற்கிறது, உலகில் நமக்கு நான்காவது இடம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஏற்றத்தாழ்வை அளக்க உலக வங்கி 2022-23க்குக் கணக்கிட்ட ஜினி எண் 25.5. அதுதான் ஆதாரம். அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பு, 2024 மார்ச்சில், நிதின் குமார் பாரதி, லூக்கா ஷான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகிய நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதே 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினருக்குப் போகிறது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 15 விழுக்காடு. வருமான வரிச் சட்டம் வந்த 1922 முதல் இருக்கிற கணக்கில் இவ்வளவு உயரம் வேறு எந்த ஆண்டிலும் இல்லை என்றார்கள். அவர்கள் சார்ந்த உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தில் இந்தியாவின் ஜினி எண் 60ஐத் தாண்டி நிற்கிறது.

ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு கணக்கு 25 என்கிறது. இன்னொரு கணக்கு 60க்கு மேல் என்கிறது. கட்சி பார்த்து ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுவது சுலபம். தொலைக்காட்சியில் அதுதான் நடந்தது. இன்று மாலை நாம் அதைச் செய்ய வேண்டாம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நான் உண்டாக்கிய தெரு. ஐந்தே வீடுகள். முதல் வீட்டு அம்மா பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகிறார். மாதம் 10,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் கம்பெனிக்குள் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், 15,000. மூன்றாவது வீட்டுப் பையன் மெஷின் ஆபரேட்டர், 20,000. நான்காவது வீட்டில் அனுபவமுள்ள டர்னர், 25,000. ஐந்தாவது வீட்டுக்காரர் சொந்தமாக ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறார். நாலைந்து லைன் வீடுகள் வாடகைக்கும் விட்டிருக்கிறார். எல்லாம் சேர்த்து 1,30,000. தெருவின் மொத்த வருமானம் இரண்டு லட்சம். சராசரி 40,000. அந்த 40,000 ரூபாயைக் கண்ணால் பார்த்த வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. நான்கு வீடுகள் அதற்கு வெகுகீழே. ஒரு வீடு வெகுமேலே.

1905இல் மாக்ஸ் லோரென்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். ஏழையிலிருந்து தொடங்கி வீடுகளை வரிசையாக நிறுத்துங்கள். முதல் வீட்டின் பங்கு எவ்வளவு, முதல் இரண்டு வீடுகளின் பங்கு எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போங்கள். நம் தெருவில் முதல் வீட்டுக்கு 5 விழுக்காடு. இரண்டு வீடுகளுக்கு 12.5. மூன்றுக்கு 22.5. நான்குக்கு 35. எல்லோருக்கும் சமமாக இருந்தால் 20, 40, 60, 80 என்று நேர்கோடாக ஏறியிருக்கும். நம் தெருவின் கோடோ தொய்ந்து கிடக்கிறது. அந்தத் தொய்வை ஒரே எண்ணாக்கியவர் இத்தாலியப் புள்ளியியலாளர் கொர்ராடோ ஜினி, ஆண்டு 1912. எல்லோருக்கும் சமம் என்றால் சுழியம். எல்லாமே ஒருவருக்கு என்றால் கிட்டத்தட்ட ஒன்று. நூறால் பெருக்கியும் சொல்வார்கள். நம் தெருவுக்கு வரும் விடை 0.5, அதாவது 50.

இப்போது அதே தெருவில் அதே ஐந்து வீடுகளிடம் வேறொரு கேள்வி கேட்போம். என்ன சம்பாதித்தீர்கள் என்று கேட்க வேண்டாம், என்ன செலவழித்தீர்கள் என்று கேட்போம். முதல் வீட்டில் வந்ததெல்லாம் செலவு, 10,000. அடுத்து 14,000. அடுத்து 17,000. அடுத்து 20,000. ஐந்தாவது வீட்டுக்காரர் நன்றாகவே சாப்பிடுகிறார், காரில் போகிறார், பிள்ளையை நல்ல பள்ளியில் படிக்க வைக்கிறார், செலவு 39,000. மீதி 91,000 வங்கிக்கும் மனைக்கும் நகைக்கும் போகிறது. செலவுகளை வைத்து ஜினி எண்ணைப் போட்டால் வருவது 0.256.

அரசு பெருமையோடு சொன்ன 25.5க்கு அருகில் வந்துவிட்டோம், பாருங்கள். இந்தியாவுக்கு உலக வங்கி கணக்கிட்டது நுகர்வுச் செலவின் ஏற்றத்தாழ்வு. நமக்கு முன்னால் நிற்பதாகச் சொல்லப்பட்ட ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் எடுத்தது வருமானத்தின் ஏற்றத்தாழ்வு. இந்தியாவின் செலவுக் கணக்கை இன்னொரு நாட்டின் வருமானக் கணக்கோடு வரிசையில் நிறுத்தி இடம் கொடுத்தது தவறு. இதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

அதற்காக நுகர்வுக் கணக்கெடுப்பே வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஏழை வீட்டில் அடுப்பு எரிகிறதா, பால் வாங்குகிறார்களா, மருந்துக்கு எவ்வளவு போகிறது என்று அறிய அதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. 2023-24 கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமப்புறத்தில் ஒருவர் மாதத்துக்குச் செலவழிப்பது சராசரியாக 4,122 ரூபாய், நகர்ப்புறத்தில் 6,996. இது வறுமையைப் பேச உதவும். செல்வம் எங்கே குவிகிறது என்று பேச உதவாது. ஐந்தாவது வீட்டின் 91,000 ரூபாய் இந்தக் கணக்கின் கண்ணுக்கே படுவதில்லை.

பிக்கெட்டி குழுவின் எண்ணையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அவர்கள் கணக்கிட்டது வரிக்கு முந்தைய வருமானம். நம் ரேஷன் அரிசி அதில் வராது. மக்கள்தொகையில் பெரும்பகுதி வருமான வரிக் கணக்கே கொடுக்காத நாட்டில், மேல்தட்டுக்கு வரித்துறைப் புள்ளிவிவரத்தையும் மற்றவர்களுக்குக் கணக்கெடுப்புகளையும் எடுத்து, இடையில் உள்ள பள்ளத்தை அனுமானங்களால் நிரப்பியிருக்கிறார்கள். அந்த அனுமானங்களை மாற்றினால் எண்ணும் மாறும். ஆனால் எவ்வளவு மாற்றினாலும் அது 25க்கு வந்துவிடாது என்பது என் துணிபு. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05இலும் 2011-12இலும் வீடு வீடாக வருமானத்தையே கேட்டு ஓர் ஆய்வு நடத்தின. அதிலேயே ஜினி எண் 50க்கு மேல்தான் வந்தது.

பிறகு ஏன் நம் அரசுகள் இத்தனை ஆண்டுகளாக வருமானத்தைக் கேட்கவில்லை? கேட்டார்கள். புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியால் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1955இலும் 1958-59இலும் செலவோடு வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். அறுபதுகளில் மறுபடி முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சிக்கல். மக்கள் சொன்ன வருமானம், அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. வந்ததைவிடச் செலவு அதிகம் என்று ஒரு நாடே கணக்குக் காட்டினால் என்ன செய்வது? கைவிட்டுவிட்டார்கள்.

மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் 'உன் வருமானம் என்ன' என்ற கேள்வி எந்த இடத்தில் முதலில் வருகிறது? இ-சேவை மையத்தில், வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது. அந்தத் தாள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, தாசில்தார் கையெழுத்தோடு வருகிறது. பிள்ளையின் கல்வி உதவித்தொகை அந்த எண்ணில் தொங்குகிறது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அதில் தொங்குகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்றும் சேர்த்தே விதித்தார்கள். வாயால் சொல்லும் வருமானத்தை மட்டும் நம்ப முடியாது என்று அரசுக்கே தெரிந்ததால் நிலத்தையும் மின்மீட்டரையும் சாட்சிக்கு அழைத்தது. எண் சற்று ஏறினால் உள்ள சலுகையும் போய்விடும் என்று ஒரு தாய்க்குப் பல ஆண்டுகளாக நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்டவரிடம் திடீரென்று ஒருவர் வந்து, இது புள்ளிவிவரத்துக்காக மட்டும்தான் என்றால், அவர் எதை நம்புவார்?

இன்னொரு காரணம், பலருக்குத் தம் வருமானம் உண்மையிலேயே தெரியாது. பேரிகையில் ரோஜா போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி 14ஐ ஒட்டிய சில வாரங்களில் ஒரு விலை. ஆடி மாதத்தில் வேறொரு விலை. உரம், மருந்து, பசுமைக்குடில் கடனுக்கு வட்டி, இதற்கெல்லாம் யார் தனி நோட்டுப் போடுகிறார்கள்? காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக்காரர் நிலை இன்னும் மோசம். 2025 கோடையில் கூழ் ஆலைகள் வாங்கும் தோத்தாபுரி விலை அடியோடு சரிந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத தோப்புகளில் அந்த ஆண்டின் வருமானம் சுழியத்துக்கும் கீழே. எதிர்மறை வருமானத்தை ஜினி சூத்திரத்தில் போட்டால் எண் தாறுமாறாகிவிடும். அதனால் ஆய்வாளர்கள் பல நேரம் அதைச் சுழியமாக்கிவிடுகிறார்கள், இல்லையேல் அந்த வீட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பத்து ஏக்கர் தோப்பு வைத்திருந்தும் அந்த ஆண்டு நட்டப்பட்டவர் கூலிக்காரரைவிட ஏழையா? நிலத்தையும் கடனையும் சேர்த்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சம்பளக்காரருக்காவது தெரியுமே என்பீர்கள். தர்கா பஸ் நிறுத்தத்தில் ஷிப்ட் விடும் நேரத்தில் இறங்குகிற ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மேலே பேசிக், டிஏ, வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம். கீழே பிஎஃப் 12 விழுக்காடு, இஎஸ்ஐ 0.75 விழுக்காடு, கேன்டீன், பஸ். கடைசி வரியில் கைக்கு வருவது. சம்பளம் எவ்வளவு என்றால் அவர் சொல்வது அந்தக் கடைசி வரியைத்தான். வருமானக் கணக்குக்கு வேண்டியதோ மேலே உள்ள மொத்தத் தொகை. அதோடு அவர் பெயரில் நிறுவனம் கட்டுகிற பிஎஃப் பங்கும். பர்மனன்ட் தொழிலாளிக்கு இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தொகை இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தத் தொகை சிறியது, போனஸ் இல்லை, அடுத்த மாதம் வேலை உண்டா என்பதும் உறுதியில்லை. கைக்கு வருவதை மட்டும் கேட்டால் இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கித் தெரியும். பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களில் கான்ட்ராக்ட் ஆட்களின் பங்கு நாடு முழுதும் 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாகத் தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஆகவே இது ஓரத்தில் கிடக்கும் சின்ன விஷயம் இல்லை.

கெலமங்கலம் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். கணக்கெடுப்பு விதியில் விடுதியில் இருக்கும் ஒவ்வொருவரும் தனிக் குடும்பம். மாதம் 15,000 வாங்கும் ஒரு பெண் தாளில் தலைக்கு 15,000 உள்ள குடும்பம் ஆகிறார். நான்கு பேர் உள்ள டர்னர் வீட்டுக்கோ தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம். எனவே அந்தப் பெண் டர்னரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வசதியானவர் என்று கணக்குச் சொல்லும். அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருக்கும் அப்பாவின் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் போகலாம். அனுப்பிய பணத்தைத் தனியாகக் கேட்டுக் கழிக்கவில்லை என்றால் இங்கே ஒரு பொய்யான வசதி பதிவாகிவிடும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011இல் மக்கள்தொகை சுமார் 18.8 லட்சம். எழுபதுகளில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. எண்பதுகளின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரம். அண்மையில் போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், கெலமங்கலம் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ். தனிநபர் வருமானம் என்று ஒரு மாவட்டத்துக்குச் சொல்கிறார்களே, அது எப்படி வருகிறது? மாவட்ட எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பைக் கூட்டி, எல்லைக்குள் வசிக்கும் தலைகளால் வகுக்கிறார்கள். தொழிற்சாலையில் உண்டான லாபம் மும்பையிலோ சென்னையிலோ உள்ள பங்குதாரருக்குப் போகிறது. மேலாளர்களில் பலர் பெங்களூரில் வீடு வைத்துக்கொண்டு தினமும் வந்து போகிறார்கள். எனினும் அந்த மதிப்பெல்லாம் நம் தலையில் வகுக்கப்பட்டு, அஞ்செட்டியில் ராகி விதைப்பவரின் சராசரியையும் உயர்த்திக் காட்டுகிறது. பெட்டமுகிலாளம் மலைக் கிராமத்தில் இருப்பவருக்கும் அதே சராசரிதான்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது. விடியற்காலையில் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் உண்டாக்கும் மதிப்பு கர்நாடகத்தின் கணக்கில் ஏறுகிறது. அவர்கள் சம்பளம் நம் ஊர்க் கடைகளில் செலவாகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசுகிற இந்தப் பகுதியில் வேலைச் சந்தை ஒன்றே. புள்ளிவிவரத்துக்கு மட்டும் அது இரண்டு மாநிலம். சராசரி உயர்ந்த மாவட்டம் என்று பெயர் வாங்கியதும், பின்தங்கிய வட்டங்களுக்கு வர வேண்டிய நிதியைப் பற்றிப் பேசும் உரிமை குறைகிறது. எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தளியும் அஞ்செட்டியும் ஓசூரின் சராசரிக்குப் பின்னால் மறைந்துபோகின்றன.

ஹென்றி தைல் என்ற டச்சுப் பொருளியலாளர் 1967இல் கொடுத்த அளவுகோல் இங்கே நமக்குக் கைகொடுக்கும். ஜினி எண்ணைப் போலன்றி இதை இரண்டாகப் பிரிக்கலாம். ஓசூருக்கும் அஞ்செட்டிக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு எவ்வளவு, ஓசூருக்குள்ளேயே உள்ளது எவ்வளவு என்று தனித்தனியே எடுத்துக்காட்டும். முதலாவது பெரிது என்றால் மலைக்குச் சாலையும் பள்ளியும் பஸ்ஸும் வேண்டும். இரண்டாவது பெரிது என்றால் கான்ட்ராக்ட் முறையையும் வாடகையையும் பேச வேண்டும். மருந்து வேறு வேறு. விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாறும் நாட்டில் ஏற்றத்தாழ்வு முதலில் ஏறிப் பிறகு தானாக இறங்கும் என்று 1955இல் சைமன் குஸ்நெட்ஸ் ஒரு கருத்தைச் சொன்னார். சிப்காட் வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது, இங்கே அது இறங்கத் தொடங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க நம்மிடம் தரவு இல்லை. இந்தியாவில் அந்தக் கருத்தைச் சோதிக்க இதைவிட ஏற்ற இடம் குறைவு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கிளறி வெந்த பானைக்கு அது சரி. அடியில் தீய்ந்து மேலே வேகாத பானையில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் தவறான பதம்தான் கிடைக்கும். மாதிரிக் கணக்கெடுப்பு இந்தச் சிக்கலை அறியும். அதனால்தான் வசதியான வீடுகள், நடுத்தரம், ஏழை என்று அடுக்கடுக்காகப் பிரித்து எடுக்கிறார்கள். ஆனாலும் காவலாளி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் கணக்கெடுப்பாளர் நுழைவது கடினம். ஏழை வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அதனால் நம் கணக்குகளில் ஏழை தெளிவாகவும் பணக்காரர் மங்கலாகவும் தெரிகிறார்கள்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நாட்டின் முதல் முழுமையான குடும்ப வருமானக் கணக்கெடுப்பு 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்று ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. பொருளியலாளர் சுர்ஜித் பல்லா தலைமையில் வல்லுநர் குழுவும் அமைத்தது. 2025 ஆகஸ்டில் நடந்த முன்சோதனையில், இந்தக் கேள்விகள் அந்தரங்கமானவை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். கட்டிய வரியைச் சொல்லப் பலர் மறுத்தார்கள். எழுபது ஆண்டுக்கு முன்பு வந்த அதே தடை. முடிவு யாருக்கேனும் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்ற கவலையும் எனக்கு உண்டு. 2017-18 நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் அரசே அறிவித்ததை நாம் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் சார்பில் கூடுதல் மாதிரி எடுங்கள். மாவட்டத்துக்கு ஓர் எண் என்று நிற்காமல், கிருஷ்ணகிரியில் ஓசூர் வேறு, தளி, அஞ்செட்டி வேறு, ஊத்தங்கரை வேறு என்று பிரித்து வெளியிடுங்கள். வசிக்கும் ஊரோடு வேலை செய்யும் ஊரையும் கேட்டுப் பதியுங்கள். கர்நாடகத்தோடு பேசி ஆனேக்கல் வட்டத்தையும் ஓசூரையும் ஒரே வேலைச் சந்தையாக வைத்து ஒரு முறையாவது கணக்கிடுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே, சம்பளச் சீட்டில் எந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் விடுதிப் பெண்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்; கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கொடுக்கும் விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் ரேஷன் அட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உட்காரவைத்து, வந்ததையும் போனதையும் உள்ளபடி சொல்லுங்கள். வசதியுள்ள வீட்டாரிடம் இதை இரட்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்: காவலாளியிடம் சொல்லி அவரை உள்ளே விடுங்கள்.